அழைக்கவும் ஒரு பாட்டு, மலையேற்றவும் ஒரு பாட்டு

தென்மாவட்டத்தில் கோயில் திருவிழாவைக் கொடை என்பார்கள். அதில் நள்ளிரவுப் பூசைக்குச் சாமக்கொடை என்று பெயர். மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். சாயங்காலத்திலிருந்து வாசித்துக் களைத்த நையாண்டி மேளக்காரர்கள் ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி எழுந்து நிற்பார்கள். கோமரத்தாடி, அதாவது சாமியாடி, குளித்த ஈரத்தோடு மாலை போட்டுக்கொண்டு சன்னதிக்கு முன்னால் நிற்பார். அந்த நேரம் அவர் நமக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர்தான். பக்கத்தில் நிற்பவரிடம் ஏதோ கேட்பார், கண்ணாடியைக் கழற்றி மகன் கையில் கொடுப்பார். மேளம் தொடங்கும். கூட்டம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கும். பம்பைக்காரர் மட்டும் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டைவிரல் மண்ணைக் கிளற ஆரம்பித்ததும் அடி இறுகும். முழங்கால் நடுக்கம் ஏறினால் அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்று அடிப்பார். நடுக்கம் தணிகிற மாதிரி தெரிந்தால் அடியை மாற்றிப் போட்டு, தவில்காரருக்குக் கண்ணைக் காட்டுவார். குலவைச் சத்தம் கிளம்பும். அப்புறம் ஒரு நொடியில் மளிகைக்கடைக்காரர் அங்கே இருக்கமாட்டார்.

மறுநாள் இதை “மேளம் அடிச்சதும் சாமி வந்துருச்சு” என்று நான்கு சொல்லில் முடித்துவிடுவோம். அந்த நான்கு சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. இசைக்கு ஏதோ மந்திர சக்தி இருக்கிறது என்றும், சில அதிர்வுகள் உடம்பில் பட்டால் மனசு மாறிவிடும் என்றும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் ஊர்ச் சடங்குகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அங்கே இசை செய்கிற வேலை பெரும்பாலும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. யாரைக் கூப்பிடுகிறோம், கூப்பிடுகிறவர் யார், எந்த இடத்தில், எந்தக் கதையைச் சொல்லி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பறை என்ற சொல்லையே பாருங்கள். பறைதல் என்றால் சொல்லுதல். நாகர்கோவில் பக்கம் இன்னும் “அவன் பறஞ்சான்” என்பார்கள். சேதி சொல்வதற்கும் தோல் கருவிக்கும் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

கொடையே அழைப்பில்தான் தொடங்குகிறது. முதல் நாள் ராத்திரி நடப்பதற்குக் குடியழைப்பு என்று பெயர். மறுநாள் மதியக்கொடை, பிறகு சாமக்கொடை. இடையில் மணிக்கணக்காக வில்லுப்பாட்டு நடக்கும். ஆளைவிட நீளமான வில்லை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, அதில் தொங்கும் மணிகள் குலுங்க நாணை வீசுகோலால் தட்டிப் பாடுவார்கள். உடுக்கையும் தாளமும் கட்டையும் கூடவே வரும். வானொலியிலும் டிவியிலும் சுப்பு ஆறுமுகம் மூலமாக நாம் கேட்டுப் பழகிய வில்லிசை இதிலிருந்து கிளைத்ததுதான், ஆனால் வேலை வேறு. மேடையில் பாடுகிறவர் கேட்பவர்களைச் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தால் போதும். கொடையில் பாடும் புலவருக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது. சன்னதியில் இருக்கிற சாமியின் கதையை, அதே சாமியின் காதுபட, பிசகில்லாமல் சொல்ல வேண்டும்.

கதைகள் இரண்டு வகை. சில சாமிகள் கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வந்தவர்கள். மற்றவர்கள் இதே மண்ணில் பிறந்து, வெட்டுப்பட்டோ கழுவேறியோ தூக்கில் தொங்கியோ அகாலத்தில் செத்து, சாமியாக நிலை பெற்றவர்கள். பின்னவர்களை வெட்டுப்பட்ட வாதை என்று சொல்லும் வழக்கம் உண்டு. முத்துப்பட்டன் அப்படி ஒருவன். பிராமணனாகப் பிறந்தவன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்துப் போட்டுவிட்டுச் செருப்புத் தைக்கப் பழகினான். மாமனாரின் மாட்டை ஓட்டிப்போன கள்வர்களோடு மோதிச் செத்தான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்குத் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும், பட்டவராயன், அதாவது சாமியாகிவிட்ட முத்துப்பட்டன், போட்டு நடந்திருக்கிறார் என்பது நம்பிக்கை.

வில்லுப்பாட்டை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் ஒன்றைக் கவனித்து எழுதினார். இந்த மாதிரிக் கதைகளில் சாமி வந்து இறங்கும் இடம் பெரும்பாலும் நாயகன் சாகிற இடம். கதை அதுவரை வளவளவென்று போகும். நாட்டு வளம், கல்யாணம், கேலி, நடுநடுவே ஊர்ப் பெரியவர் பெயரைச் சேர்த்து ஒரு வாழ்த்து. கொலை நெருங்கும்போது வசனம் குறையும், பாட்டின் நடை மாறும், மேளம் வந்து சேரும். அரிவாள் ஓங்குகிற வரியில் சாமியாடி எழுந்துவிடுவார். செத்தவனுடைய கதையில் சாவு வரும்போதுதான் செத்தவன் வருகிறான். வேகமான தாளம் அதற்கு முன்பும் எத்தனையோ தடவை வந்திருக்கும், அப்போதெல்லாம் எதுவும் நடந்திருக்காது.

கொங்கு நாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொன்னர் சங்கர் கதையை, அதாவது அண்ணன்மார் கதையை, உடுக்கை அடித்துப் பாடுவார்கள். உடுக்கையின் நடுவில் இருக்கும் கயிற்றை விரலால் இறுக்கினால் சத்தம் மேலே போகும், விட்டால் கீழே விழும். கேட்டால் யாரோ விம்முகிற மாதிரி இருக்கும். பல நாள் ராத்திரி நீளும் கதையில் அண்ணன்மார் போர்க்களத்தில் விழும் கட்டம் வந்ததும், அருள் வந்தவர்கள் ஒவ்வொருவராக மண்ணில் சாய்வார்கள். படுகளம் என்பது அதற்குப் பெயர். சாய்ந்தவர்கள் செத்தவர்களாகவே கருதப்படுவார்கள். சுற்றி நின்று பெண்கள் அழுவார்கள். மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூர்த் திருவிழாவிலும், கொங்குக் கிராமங்கள் பலவற்றிலும் இது நடக்கிறது. அப்புறம் தங்கை தங்காள் வந்து தண்ணீர் தெளித்து, பாட்டோடு அவர்களை எழுப்ப வேண்டும். எழுப்பாமல் கலைந்து போக முடியாது. சாகடித்த பாட்டுக்காரரே உயிரையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

வட தமிழகத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் மாதிரித் தலங்களில், பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் முன்னால் பம்பைக்காரர் உட்கார்ந்து வேறொரு விதமாகக் கூப்பிடுவார். பாடிக்கொண்டே கேள்வி கேட்பார். நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பிடித்தாய்? கொஞ்சுவார், மிரட்டுவார், மறுபடி கொஞ்சுவார். பேர் வாயிலிருந்து வரும்வரை பம்பை நிற்காது. பேர் வந்தபின்தான் என்ன வேண்டும் என்று பேரம் பேச முடியும், போவதாகச் சத்தியம் வாங்க முடியும், உச்சி முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடிக்க முடியும். இந்தப் பெண்கள் சொல்லும் கதைகளில் பாதி, வேறு யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாத வீட்டுக் கதைகள் என்று எனக்குத் தோன்றும். அதைச் சத்தமாகச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் பம்பைச் சத்தத்தின் நடுவே இருந்தது.

இந்த இடத்தில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் என்பவர், நொடிக்கு இத்தனை என்று விடாமல் விழும் பறையடி மூளையின் மின்னலைகளைத் தன் போக்குக்கு இழுத்துவிடுகிறது, அருள் வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். ஆய்வுக்கூடத்தில் ஆட்களை உட்கார வைத்து முரசுச் சத்தத்தைக் கேட்க வைத்துப் பார்த்திருந்தார். பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பர்ட் ரூஜே 1980-ல் எழுதிய பெரிய நூலில் இதை ஒரு போடு போட்டார். அது உண்மையென்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் வருஷம் முழுக்க அருள் வந்து ஆடிக்கொண்டுதானே இருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் முடிவுப்படி, எந்த ராகமும் எந்தத் தாளமும் தன்னந்தனியாக யாரையும் ஆட்டிவைப்பதில்லை. ஒரு சமூகம் இந்த மெட்டு இந்தச் சாமிக்கு என்று பழக்கி வைத்திருக்கிறது. மெட்டு அந்தச் சாமியின் அடையாளம். கேட்பவரின் உடம்புக்கு அந்த அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பின் பங்கு இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பட்டினி, விரதம், தூக்கமில்லாத ராத்திரி, சாம்பிராணிப் புகை, காதுக்கு ஒரு முழத்தில் பம்பை என்றிருந்தால் யாருக்கும் தலை கிறுகிறுக்கும். ஆனால் தவில்காரருக்கு ஏன் வருவதில்லை? சத்தத்துக்கு மிக அருகில் இருப்பது அவர் காதுதான். வேடிக்கை பார்க்கிற கல்லூரிப் பையனுக்கு ஏன் வருவதில்லை? ஊரில் இன்ன வீட்டுக்காரருக்கு இன்ன சாமி என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை இல்லாதவருக்கு அருள் வந்தால் திருநீறு போட்டு உட்காரவைத்து, நீ யார் என்று முதலில் விசாரிப்பார்கள். யூடியூபில் 432 ஹெர்ட்ஸ் என்று போட்டு எட்டு மணி நேரம் ஓடுகிற வீடியோக்களையும், இந்த நோய்க்கு இந்த ராகம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களையும் பார்க்கும்போது எனக்கு இந்தத் திருநீறுதான் ஞாபகம் வரும். அந்த வீடியோக்களில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

இதெல்லாம் எவ்வளவு பழசு? சங்கப் பாட்டுகளில் முரசே ஒரு தெய்வம். அதை நீராட்டி, பூச்சூட்டி, பலி கொடுத்தார்கள். ‘குருதி வேட்கை உருகெழு முரசம்’ என்கிறது புறநானூறு 50-ஆம் பாட்டு. அந்த முரசை வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிய புலவர் மோசிகீரனாரைச் சேர மன்னன் வெட்டாமல் விசிறிவிட்டான் என்ற கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அங்கே நமக்கு மன்னனின் பெருந்தன்மையைச் சொல்லிக் கொடுத்தார்கள். முரசுக்கு அவ்வளவு அஞ்சினார்கள் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அரிசில் கிழார் பாடிய புறநானூறு 281. போரில் காயம்பட்டு வந்து கிடக்கிறான் ஒருவன். அவன் மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுவோம். யாழோடு பல வாத்தியங்களும் ஒலிக்கட்டும். அப்புறம் இந்த வரிகள்: ‘ஐயவி சிதறி ஆம்பல் ஊதி, இசைமணி எறிந்து காஞ்சி பாடி’. வெண்கடுகைத் தூவி, குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண்ணைப் பாடி, வீடு முழுக்க நறும்புகை காட்டி, அவன் புண்ணைக் காப்போம் வா என்கிறாள். புண்பட்டவனைப் பேய் தொட வரும், அது தொடாமல் மனைவி காக்க வேண்டும். தொல்காப்பியம் இதற்குத் தொடாக் காஞ்சி என்று பெயரே வைத்திருக்கிறது. வைத்தியமும் காவலும் பாட்டும் ஒரே கைவேலையாக நடக்கிற வீடு அது. வேப்பிலையும் புகையும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. காஞ்சிப் பண்தான் போய்விட்டது.

வெறியாட்டும் அந்தக் காலத்ததே. மகள் மெலிந்துபோகிறாள், முருகன் அணங்கியிருப்பான் என்று தாய் முருகனின் பூசாரியான வேலனைக் கூட்டி வருகிறாள். கடம்பு மாலை, ஆட்டுப் பலி, வாத்தியம், ஆட்டம். முருகனுக்கென்றே உள்ள வாத்தியத்தை முருகியம் என்கிறது திருமுருகாற்றுப்படை. ஆனால் பெண்ணுக்கு வந்தது காதல் நோய் என்று தோழிக்குத் தெரியும். நற்றிணை 34-இல் அவள் நேராக முருகனிடமே பேசுகிறாள். இவள் நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும், வேலன் கூப்பிட்டான் என்று இந்த வெறிக்களத்துக்கு வந்துவிட்டாயே, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே’. நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, முட்டாள்தான் நீ. கூப்பிட்டால் கடவுள் வந்துதான் ஆக வேண்டும் என்பதில் இந்தக் கிண்டலுக்கும் சந்தேகம் இல்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதுதான் குறை.

பக்திக் காலத்தில் பறையும் ஆட்டமும் ஓரத்துக்குப் போய், பண்ணும் சொல்லும் நடுவுக்கு வருகின்றன. வேலை மட்டும் அதேதான். வேதாரண்யத்தில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவைத் திறக்க அப்பர் ‘பண்ணின் நேர்மொழியாள்’ என்று பாடத் தொடங்கினார். கதவு அசையவில்லை. பதிகம் முழுவதையும் பாடி, கடைசியில் ‘இரக்கம் ஒன்றிலீர்’ என்று திட்டிய பிறகுதான் தாழ் விலகியது. கதவை மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாட, முதல் பாட்டிலேயே அடைந்துவிட்டது என்கிறார் சேக்கிழார். நமக்கு இவ்வளவு பாடாக இருந்ததே என்று அப்பர் அன்று ராத்திரி வருந்தியதையும் அவர் விடாமல் சொல்கிறார். பாட்டின் வலுவை அளந்து பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் எனக்கு ருசி.

சம்பந்தரின் கோளறு பதிகத்தை இன்னும் வீடுகளில் பாடுகிறார்கள். ஞாயிறு முதல் பாம்பிரண்டு வரை கிரகங்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடியாருக்கு நீங்கள் ‘நல்ல நல்ல’ என்று முடிக்கிறது பாட்டு. கடைசி வரி ‘ஆணை நமதே’. இதை வேண்டுதல் என்று சொல்ல முடியாது, உத்தரவு. 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசமும் இந்த வழியில்தான் போகிறது. சூலமங்கலம் சகோதரிகள் குரலில் காலை நேரத்தில் நாம் அரைத்தூக்கத்தில் கேட்பதால் கவனிப்பதில்லை. உள்ளே ஒரு பேய்க் கணக்கெடுப்பே இருக்கிறது. புழக்கடை முனி, கொள்ளிவாய்ப் பேய், குறளைப் பேய். நடுவே ‘ரரரர’ ‘டகுடகு’ என்று அர்த்தமில்லாத ஒலிகள் உடுக்கை மாதிரி உருளும். மேல்மலையனூர்ப் பம்பைக்காரர் வாய்விட்டுக் கேட்கிற பெயர்களை இங்கே ஸ்பீக்கர் வீட்டுக்குள் இருந்தே வாசித்துவிடுகிறது.

அரசாங்கமும் இதற்கு விலக்கல்ல. 2019 கோடையில் சென்னை குடங்களோடு தெருவில் நின்ற சமயம், மழை வேண்டி யாகம் நடத்தச் சொல்லி இந்து சமய அறநிலையத்துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நாதஸ்வரத்திலும் வயலினிலும் அமிர்தவர்ஷினி, ஆனந்தபைரவி மாதிரி ராகங்களை வாசிக்க வேண்டும், மேகராகக்குறிஞ்சியில் தேவாரப் பதிகம் ஓத வேண்டும் என்று அதில் விவரமாகவே இருந்தது. எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினியில் பாடி மழை பெய்த கதையின் நிழல் அந்தக் கோப்பின் மேல் விழுந்திருக்கிறது. பலர் சிரித்தார்கள். என் மனக்குறை வேறு. மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் மழைக்காவியம் என்றே ஒரு பாட்டு உண்டு. அதில் ஊர் தன் வாயால் அம்மனிடம் மழை கேட்கும். சுற்றறிக்கையில் ஊரின் வாய்க்கு வேலை இல்லை.

சாமியைக் கூப்பிடத் தெரிந்தவர்களை நாம் எங்கே நிற்க வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லாமல் போக முடியாது. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை’ என்று புறநானூறு 335 பெருமையாகச் சொன்ன நான்கில் மூன்று வெளிப்படையாக இசைக்குடிகள். பின்னால் வந்த நூற்றாண்டுகள் அவர்களைச் சேரிக்குத் தள்ளின. சுடலைமாடன் கொடையில் மகுடம் என்ற தோல் கருவியை அடித்துக் கூத்தாடும் கணியான்கள் தங்கள் கையைக் கீறி இரத்தத்தைச் சாமிக்குக் கொடுக்கிறார்கள். கைவெட்டு என்று அதற்குப் பெயர். அந்த இரத்தம் இல்லாமல் கொடை நிறையாது. அபாயமான சக்தியோடு புழங்குகிறவர்கள் என்பதால்தான் தோல் கருவிக்காரர்களை மற்றவர்கள் எட்டி வைத்தார்கள் என்று சங்க இலக்கியத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹார்ட் ஒரு விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் பயந்து விலகுபவர்கள் கூலியை ஒழுங்காகக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. சாவுக்கு இனி அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் உண்டு. பிறகு அதே பறையைத் தங்கள் கலை என்று கூறி மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே கோபம்தான்.

மேளத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு சோதனைக்கூடமாக இருந்தது. தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்று 1973-ல் தடை வந்தது. பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில்வரை சுமார் 4 கிலோமீட்டர். அலகு குத்தி, காவடி சுமந்து, மேளமில்லாமல் அதை நடக்க வேண்டும். கூட வந்தவர்கள் வாயாலும் கைத்தட்டாலும் வேல் வேல் என்ற கோஷத்தாலும் தாளத்தை உண்டாக்கினார்கள். 2016-ல் வழியில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. மேளம் இல்லாமலும் நாற்பது வருஷத்துக்கு மேல் காவடி போயிருக்கிறது என்பதை ரூஜே கேட்டால் தலையாட்டியிருப்பார். ஆனாலும் உறுமிக்காக அத்தனை வருஷம் மனுப்போட்டுக் காத்திருந்தவர்களுக்கு உறுமி ஏன் வேண்டும் என்று தெரியும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது கிளம்பும் அந்த முனகலை வாயால் கொண்டுவர முடியாது.

சரி, வந்த சாமியை என்ன செய்வது? இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. வரவழைப்பது பார்க்கப் பரபரப்பு, அனுப்புவது பார்க்கச் சாதாரணம். குறி சொல்லி, திருநீறு கொடுத்து முடிந்ததும் மேளத்தின் வேகம் படிப்படியாகக் குறையும். அதைச் சட்டென்று நிறுத்தினால் ஆடுகிறவர் கட்டை மாதிரி சரிந்துவிடுவார் என்பதால் மேளக்காரர் கவனமாக இறக்குவார். ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், ஒரு கற்பூரம். சாமி மலையேறிவிட்டது என்பார்கள். யாரோ ஒருவர் மகன் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக் கொடுப்பார்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் இந்த இறக்கத்துக்கே ஒரு தனிச் சடங்கு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களைத் திறந்து, நாள்கணக்காகக் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைப் பாடுவார்கள். கோவலன் சாவு, பாண்டியனிடம் நீதி கேட்டது, மதுரை எரிந்தது எல்லாம் வரும். அம்மன் கொதித்துப் போயிருப்பாள், ஏனென்றால் பாட்டுத்தான் அவளை அந்தச் சபைக்கு மறுபடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கடைசி நாள் குளிர்த்தி. ஊர்ப் பேச்சில் குளுத்தி. தண்ணீரும் வேப்பிலையுமாக, ‘குளிர்ந்தருள்வாயே’ என்ற தோரணையில் குளிர்த்திப் பாடல் பாடி அவளை ஆற்றுவார்கள். ஊருக்குள் அம்மை வராமல் இருப்பது இந்த ஆற்றுதலைப் பொறுத்தது என்பது நம்பிக்கை.

இந்தப் பக்கம் அதே வேலையை மாரியம்மன் தாலாட்டு செய்கிறது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கும் வாசனை கூடாது, மேளம் கூடாது, உரத்த பேச்சுக் கூடாது. வாசலில் வேப்பிலை இருக்கும். ராத்திரி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மனையே குழந்தையாக்கித் தூங்க வைக்கிற மாதிரிப் பாடுவார்கள். உடம்பில் போட்ட முத்தை இறக்கிவிடம்மா என்று கெஞ்சும் பாட்டு. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் அறிவித்துவிட்டார்கள். கோயில் வாசல் கடைகளில் அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் விற்கிறது. பேரனுக்குச் சின்னம்மை போட்டால் ஆஸ்பத்திரியில் காட்டி மருந்தும் கொடுத்துவிட்டு, ஆடி மாதம் மேளத்துக்கு ஆடிய அதே பாட்டி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிக்கொண்டே, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் அதைப் பாடுவாள்.